வாடையும் எம் வீடும்

விழா மலர்க் குழுவினர், மலைநாட்டிலிருந்து ஏதேனும் எழுதி விடுக்குமாறு எம்மைக் கேட்டபோது, தேயிலையின் வரலாற்றையோ தோட்டப் பாடசாலைகளின் நிலையையோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். அதே கிழமையில், எம்மோடு ஒரே வாங்கில் இருந்து பயின்று இப்போது கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கதவைத் திறக்க இயலாதபடி வெண்பனி குவிந்து கிடப்பதாயும், வசந்தம் என்று வரும் என்று பிள்ளைகள் நாட்காட்டியில் நாட்களை வெட்டிக்கொண்டிருப்பதாயும் கூறிவிட்டு, "உங்கள் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று உண்டோ?" என்று வினவினார். விடுதிச்சாலையில் நான்காண்டு எமக்கு அடுத்த கட்டிலில் உறங்கியவர் அவர். அவருக்கே இது தெரியாதெனின், அந்நாளில் யாம் அதனைக் கூறாது மறைத்தோம் என்பதே பொருள். ஆகவே அதனையே எழுதத் துணிந்தோம்.

பொகவந்தலாவை, கெசல்கமுவ ஓயா பாயும் பள்ளத்தாக்கு. சுற்றிலும் மலை, சரிவெல்லாம் தேயிலை. தேயிலை வாணிகர் இதனைத் தங்கப் பள்ளத்தாக்கு என்பர். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் மூடுபனியையும் கொணரும். அந்த மழைக்குளிர் எமக்குப் பழகிய குளிர். யாம் கூற வந்தது மார்கழி, தை, மாசித் திங்கள்களின் குளிர். அப்போது வீசும் வடகீழ்க் காற்று, நடுமலைத் தொடரின் மறுபுறத்திலேயே தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு வறண்டு வரும். பகலில் வானம் பளிங்குபோல் இருக்கும். இரவில் முகிற் போர்வை இன்மையால் நிலத்தின் வெம்மை யாவும் மேலெழுந்து போய்விடும். காற்றும் ஓய்ந்த இரவாயின், குளிர்ந்த வளி நீர்போல் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியலிற் பார்த்தால், ஓயாவை அடுத்த தாழ்ந்த மலைகளிற் புல்லும் கொழுந்தும் உப்புப் படிந்தாற்போல் வெளுத்திருக்கும். (தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் தோட்டத்தார் மலை என்றே சொல்வர்.) செய்தித்தாள்கள் இதனைத் துகள் உறைபனி என்று எழுதும். நுவரெலியாவில் இதனைக் காண உல்லாசப் பயணிகள் விடியுமுன் எழுந்து செல்வதும் உண்டு. வெளுத்த கொழுந்து வெயில் பட்டவுடன் கருகும். குளிரும் எரிக்கும் என்பதை யாம் எந்நூலிலும் படிக்குமுன்பே அறிந்திருந்தோம்.

அந்நாளில் எமது இல்லம் லயத்து வீடு. ஓர் இஸ்தோப்பு, ஒரு காம்பரா, அவ்வளவே. பத்தடிக்குப் பன்னிரண்டடியான அக்காம்பராவில் அப்பாயி, அப்பா, அம்மா, அக்கா, யாம் என ஐவர். கூரை தகரம். இரவெல்லாம் எம் மூச்சும் அடுப்பின் ஆவியும் தகரத்திற் படிந்து, விடியற்காலையில் துளித்துளியாய் முகத்தில் விழும். வெளியில் மழையில்லை, வீட்டுக்குள் மழை என்பார் அப்பாயி. கவ்வாத்து வெட்டிய மிலாறே எமக்கு விறகு. முறிப்பது எளிது, பற்றவைப்பதும் எளிது. ஆயின் அதன் கனல் நில்லாது. நள்ளிரவில் எவரேனும் எழுந்து ஊதவேண்டும். எந்நாளும் அம்மாவே எழுந்தார். பின்னர் நான்கரை மணிக்கும் அவரே எழுந்து, ரொட்டி தட்டி, சாயத்தண்ணி காய்ச்சி, பொழுது புலருமுன் பெரட்டுக்களத்துக்கு ஓடுவார். இடுப்பிற் கட்டும் படங்கு முதல்நாள் ஈரத்தோடு விறைத்து மரப்பட்டைபோல் நிற்கும். அதனை அடுப்பருகே வாட்டி எடுத்துக் கொடுப்பது எமது பணி.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தார். கொழுந்து வாட்டும் இடத்தில் அவருக்கு வேலை. தோட்டம் முழுதும் விறைத்துக் கிடக்க, அப்பா மட்டும் வெம்மையோடும் வாடிய கொழுந்தின் மணத்தோடும் விடியலில் வீடு வருவார். அக்காவும் யாமும் அவர் முதுகோடு முதுகு வைத்து அமர்ந்து சாயத்தண்ணி குடிப்போம். குளிர்காலத்தில் எமக்கு வாய்த்த இன்பங்களுள் தலையாயது அதுவே. மார்கழிப் பசனை அதற்கு அடுத்தது. முடிவிற் கிடைக்கும் சுண்டலுக்காகவே நான்கு மணிக்கு எழுந்தோம் என்பதை இந்துக் கல்லூரி மலரில் எழுதச் சிறிது நாணமாகவே உள்ளது.

1990களின் நடுப்பகுதியில் எமக்கு நம் கல்லூரியிற் பத்தாம் வகுப்பிற் சேர இடம் கிடைத்தது. அவ்வாண்டுத் தை பிறக்குமுன் மூன்று இரவுகள் தொடர்ந்து உறைபனி விழுந்தது. நான்காம் நாள் தாழ்ந்த மலைகள் யாவும் தீப்பட்டவைபோற் கறுத்து நின்றன. கொழுந்து இல்லையேல் வேலையில்லை. வேலையில்லையேல் பேர் இல்லை. ஒருநாள் வேலையைத் தோட்டத்தில் ஒரு பேர் என்பர். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி சமமாயிற்று. 2021இல் நாட்கூலி 1000 ரூபா என வர்த்தமானியில் வந்தது. கூலி எத்துணை உயரினும், பேர் விழுந்தால் அன்றோ கூலி? அம்மாவுக்குக் கிழமையில் மூன்று பேர் விழுந்தால் பெரிது என்றாயிற்று. கொழுந்து குறைந்தமையால் தொழிற்சாலையில் இரவு வேலையும் நின்றது. அப்பா இரவில் எம்மோடு படுத்தார். அவர் உடலும் எம் உடல்போற் சில்லிட்டிருக்கும் என்பதை யாம் அப்போதுதான் அறிந்தோம்.

விடுதிச்சாலைப் பணத்துக்காக அம்மாவின் தோடு அட்டனில் அடகுக்குப் போயிற்று. அதனை யாம் பொறுத்துக்கொண்டோம். தோடு போவதும் வருவதும் லயத்தில் வழக்கமே. பொறுக்க இயலாமற் போனது வேறொன்று. வீட்டில் இருந்தவை இரண்டு கறுப்புக் கம்பளிகள். ஒன்று அப்பாயிக்கு; மற்றது அக்காவுக்கும் எமக்கும் பொது. புறப்படும் நாள் காலையில் அம்மா அந்த இரண்டாவது கம்பளியை மடித்து எம் தகரப் பெட்டியில் வைத்தார்.

"அக்காவுக்கு?" என்றோம்.

"நாங்க அடுப்புக்கிட்டப் படுத்துக்குவோம். தெரியாத ஊரு, அங்க குளிரு எப்பிடியோ! நீ எடுத்துக்கிட்டுப் போ சாமி" என்றார்.

அம்மா அட்டனுக்கு அப்பாற் சென்றவர் அல்லர். குளிர் இல்லாத ஓர் ஊர் இத்தீவில் உண்டு என்பது அவர் எண்ணத்துக்கு எட்டவில்லை. யாமும் அதுவரை மலையிறங்கியதில்லை. நாவலப்பிட்டி கழிந்ததும் புகையிரதத்தில் மேற்சட்டையைக் கழற்றினோம். மாலையில் கடலோரத்து விடுதியை அடைந்தபோது, மாணவர் மேலாடையின்றிச் சாளரத்தருகே நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தனர். பெட்டியைத் திறவாமலே கட்டிலின் கீழ்த் தள்ளினோம்.

அந்தத் தவணை முழுதும் கம்பளி பெட்டியின் அடியிலேயே கிடந்தது. திருப்பி அனுப்பியிருக்கலாமே என்று அன்பர்கள் கேட்பீர்கள். அனுப்புவதற்கு அஞ்சற் செலவு வேண்டும். அதனினும் பெரிய தடை ஒன்று இருந்தது. 'இங்கே குளிரில்லை' என்று எழுதுவது, அவர்களை அக்குளிரில் விட்டு யாம் மட்டும் தப்பிவந்ததை எழுதுவதுபோல் எமக்குத் தோன்றிற்று. ஆதலாற் கடிதந்தோறும் 'நலம்' என்றே எழுதினோம். அக்காவும் 'நலம்' என்றே எழுதினார். இரவில் வேர்வையோடு புரளும்போதெல்லாம் மிலாற்றுக் கனல் அவியும் நேரம் இதுவென்று கணக்கிடுவோம். அடுத்த கட்டில் நண்பர் வெக்கையைப் பழிப்பார். யாம் வாய் திறந்ததில்லை.

மாசியில் எம் மலைகளிற் காமன் கூத்து நிகழும். கம்பம் ஊன்றி, மதனும் இரதியும் இரவிரவாக ஆட, ஈற்றிற் காமன் சிவன் கண்ணால் எரிவான்; இரதி புலம்புவாள். வசந்தத்துக்குரிய தெய்வத்தைக் குளிர் மிகுந்த இரவிலே தப்பொலியோடு அழைக்கும் இக்கூத்தை எம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொணர்ந்தனர். அவ்வாண்டு யாம் அதனைக் காணவில்லை. பங்குனி கழியும் வேளையில், பிற்பகல்தோறும் இடியோடு பெய்யும் மழை வந்தது, முள்முருங்கை சிவந்தது. விடுமுறைக்கு யாம் ஊர் திரும்பியபோது, கருகிய மலைகளிலும் செம்பச்சையாய்க் கொழுந்து துளிர்த்திருந்தது. அம்மா நிறைந்த கூடையோடு மடுவத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். எமக்கு இளவேனில் என்பது அதுவே: மலரன்று, குயிலன்று, கிழமைக்கு ஆறு பேர்.

வீட்டுக்குட் சென்றோம். அக்காவின் பாடநூல்கள் இறப்பிற் கட்டித் தொங்கின. அவ்வாண்டு மார்கழியில் அவர் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டியவர். அம்மா பேர் கிடைத்த இடமெல்லாம் ஓடவேண்டியிருந்தமையால், அப்பாயியைப் பார்க்கவும் மிலாறு சுமக்கவும் நீரெடுக்கவும் மாசியிலேயே பாடசாலையை விட்டுவிட்டார். அதைக் கடிதத்தில் எழுதவில்லை. மூலையில், உரச்சாக்குகளைப் பிரித்து இணைத்துத் தைத்த போர்வை ஒன்று கிடந்தது. அது யாருடையது என்று யாம் கேட்கவில்லை.

"தம்பி, கம்பிளி போதுமா இருந்துச்சா?" என்று அக்கா கேட்டார்.

"போதும் அக்கா" என்றோம்.

பின்னாளிற் கொட்டகலை ஆசிரிய கலாசாலையிற் பயின்றபோது நெடுநல்வாடையைப் பாடம் கேட்டோம். உ. வே. சாமிநாதையர் 1889இற் பதிப்பித்த பத்துப்பாட்டுள் ஒன்று அது, நக்கீரர் பாடியது. ஆயர் கையிற் கொள்ளி ஏந்தியும் கன்னம் நடுங்குவர். மாடு மேய்ச்சலை மறக்கும். மந்தி கூனிக் குறுகும். கறவை தன் கன்றையே உதைக்கும். சொற்களுக்கு விரிவுரையாளர் பொருள் கூறிக்கொண்டிருக்க, எமக்கோ பொருள் வேண்டியிருக்கவில்லை. பெயர்க் காரணமே எம்மை நிறுத்திற்று. கணவனைப் பிரிந்திருக்கும் அரசிக்கு ஒரு பொழுதே ஊழியாய் நீளுதலின் அவ்வாடை நெடியது. பாசறையில் வெற்றி பெறும் அரசனுக்கு நல்லது என்பது நச்சினார்க்கினியர் கருத்து. ஒரே காற்று, இருவர்க்கு இரண்டாய்.

இப்போது யாம் கற்பிக்கும் பாடசாலையில், பாடத்திட்டத்தில் இல்லாவிடினும், தை மாதத்தில் ஒருநாள் இக்கதையைக் கூறுவது எமது வழக்கம். ஓராண்டு பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இந்தக் காத்துலதான் தேயிலைக்கு நல்ல விலைன்னு எங்க தாத்தா சொல்லும்" என்றாள். அவள் கூறியது மெய்யே. இந்த வறண்ட குளிர்காற்றிற் கொழுந்து மெல்ல வளரும், மணம் செறியும். தை முதல் பங்குனி வரை எம் பகுதித் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு. மணியடிக்கும்வரை யாம் வேறொன்றும் கற்பிக்கவில்லை.

அக்கா பரீட்சை எழுதவே இல்லை. பதினெட்டு நிறைந்ததும் பேர் பதிந்தார். இன்றும் அதே மலைகளிற் கொழுந்து பறிக்கின்றார். அந்தக் கம்பளியைப் பற்றிய உண்மையை யாம் அவருக்கு இதுவரை கூறியதில்லை. இம்மலர் அவர் கைக்குப் போகும். அவர் நன்கு வாசிப்பவர்.

அண்மையில் அவர் மகள், எம் மருமகள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை வழியனுப்பச் சென்றிருந்தோம். உடுப்புகளும் புத்தகங்களும் அடுக்கியாயிற்று. அக்கா உள்ளே சென்று, புதிய கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து மேலே வைத்து அமுக்கினார். "அம்மா, அங்க வெயிலுன்னு சொல்றாங்களே!" என்று மருமகள் எம்மை நோக்கினாள்.

"இருக்கட்டும், எடுத்துக்கொண்டு போ" என்றோம்.