காத்திருத்தல்

நெடுந்தூரப் புகைவண்டி இடைவழியில் நின்றுவிடின், பயணிகள் முதலிற் கடிகாரத்தை நோக்குவர். பின்னர் நிலைய அதிகாரியை நோவர். தூத்துக்குடி மாணாக்கராகிய யாமும் மணியாச்சிச் சந்திப்பில் இணைப்பு வண்டிக்காக நெடும்பொழுது காத்துச் சலித்ததுண்டு. ஆயினும், தாமதமெல்லாம் ஒரு தன்மையன அல்ல.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் இரவு திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட விரைவுவண்டியை நினைமின். அப்பெருமழையிற் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பொழிந்தது. ஸ்ரீவைகுண்டம் நிலைய அதிகாரி ஜாபர் அலி வண்டியை மேற்செல்ல விடாது நிறுத்தினார். அப்பாலோ, வெள்ளம் இருப்புப்பாதையின் அடியிலிருந்த மண்ணையும் சரளைக் கல்லையும் அரித்துச் செல்லத் தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கின! சுமார் 800 பயணிகள் நிலையத்திலும் அருகிலிருந்த பள்ளியிலுமாக வெள்ளத்தினிடையே தங்கினர். புதுக்குடி ஊரார், தாமும் வெள்ளத்தாற் சூழப்பட்டிருந்தும், கோயிலில் உலையேற்றி அவர்களுக்குச் சோறிட்டனர். 19ஆம் நாள் மீட்கப்பட்டோர் மணியாச்சியினின்று சிறப்பு வண்டியிற் சென்னைக்கு ஏகினர்.

ஓரிடத்து நிறுத்திய கை எண்ணூறு உயிரைக் காத்தது. உலையேற்றிய கை அக்காத்திருத்தலைப் பொறுக்கச் செய்தது. ஆதலின், வண்டி நின்றவிடத்து வைவதற்கு முன் காரணம் யாதென வினவுவோமாக. அதனை உடன் அறிவித்தல் அதிகாரிகளின் கடன். கட்டுச்சோற்றையும் நீரையும் பகிர்ந்துண்ணல் நம் கடன். புயற்கூண்டு ஏறியபின் தோணியைக் கடலிற் செலுத்தாத தண்டலை நம் துறைமுகத்தார் சோம்பன் என்னார்.