வெறும் போசி (சேலம் – நாமக்கல் பயணம்: 7)

கிளம்பும்போது வீட்டில் ஒரு குரல் வந்தது: "ஊரூராப் போறீங்க. அலமாரில கெடக்குற அந்தப் போசியை எப்பத்தான் திருப்பிக் குடுக்கப் போறீங்க?" காதில் விழாதவன் போலச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிறவர்கள் பஸ்ஸில் இடப்பக்கச் சன்னலைப் பிடிக்க வேண்டும். ராசிபுரம் நெருங்கும்போது போதமலை தலைகாட்டும். அது விலகியதும் கிழக்கே கோட்டைச் சுவர் போல நீண்டு படுத்திருப்பது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. சங்கப் புலவர்கள் பாடிய பாவை இருந்த மலை; பார்த்தவரை அவள் மயக்கிக் கொல்வாள் என்பது கதை. போன வாரம் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாயகங்கை அருவிக்கும் போனோம். இந்த வாரம் போவது கூட்டம் எட்டிப் பார்க்காத ஓரிடத்துக்கு: வாழவந்தியில் இருக்கும் இரண்டு கல்லறைகளுக்கு.

நாமக்கல்லில் பஸ் மாறினேன். கோழிப்பண்ணைகளும் லாரிப் பட்டறைகளும் பின்னால் போக, சேந்தமங்கலம் வந்தது. 1907இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய இளைஞன் இந்த ஊரில்தான் வந்து தங்கினான். அப்போது அவனுக்கு 22 வயது. தொழிலால் கட்டடம் கட்டுகிறவன், வந்த வேலை மதப் பிரசாரம். மருத்துவப் பட்டம் கிடையாது. வெளிநாடு போகும் ஊழியர்களுக்கென லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரி நடத்திய மருத்துவப் பயிற்சியில்தான் வைத்தியம் கற்றிருந்தான். அந்தி சாயும் நேரத்தில் இந்த ஊர்த் தெருவில் நின்றாலே மலை கண்ணை நிறைக்கும். அவனை அது விடாமல் கூப்பிட்டிருக்க வேண்டும்.

கீழ்நாட்டு ஆட்கள் அன்று அந்த மலையில் இரவு தங்கவே அஞ்சுவார்கள். பாவைக்குப் பயந்து அல்ல, காய்ச்சலுக்குப் பயந்து. மலேரியா அங்கே குடியிருந்தது. 1913இல் ஜெஸ்ஸியும் ஈவ்லினும் மணம் முடித்த கையோடு மழையில் நனைந்தபடி மலையேறினார்கள். ஈவ்லின் லண்டனில் வசதியான வணிகர் வீட்டில் பிறந்தவர், ஓவியம் படித்தவர். மலைமேல் அவருக்காகக் காத்திருந்தது கணவன் மரத்தால் கட்டிய சின்ன வீடு.

காளப்பநாய்க்கன்பட்டியில் ஏறிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். காரவள்ளி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. மொத்தம் 70. ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கிறது. பதினைந்தாவது வளைவில் நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். இருபதாவது வளைவு வரை பேசவில்லை. பிறகு கேட்டார்:

"ஏனுங்க, கஞ்சி ஊத்தித்தானுங்களே ஆளைச் சேர்த்தாங்க?"

"ஊத்துனது உண்மைதானுங்க. ஆனா வருசக் கணக்காப் பிரசங்கம் பண்ணியும் ஒருத்தரும் சேரலீங்க. ஊர்ப் பூசாரி எதிர்த்து நின்னிருக்காரு. அப்புறம்தான் அந்தக் காய்ச்சல் வந்துச்சு."

1918ஆம் ஆண்டுக் காய்ச்சல். உலகப் போர் முடியும் தறுவாயில் ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி நாடு முழுக்கப் பரவியது. செப்டம்பருக்குப் பின் வந்த இரண்டாம் அலைதான் கொடூரம். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். அந்த ஆண்டு பருவமழையும் பல பகுதிகளில் பொய்த்ததால் தானிய விலை ஏறிக் கிடந்தது. நோயும் பசியும் கைகோத்து வந்தன.

ரோடு இல்லாத மலைக்கும் அது ஏறி வந்தது. மலை வீட்டுக் குதிரில் சாமை இருக்கும், கேழ்வரகு இருக்கும். ஆனால் சாமையை உரலில் குத்தி உமி போக்கினால்தான் சோறு. கேழ்வரகைத் திரித்தால்தான் களி. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் குத்துவது யார், சுனைத் தண்ணீர் எடுப்பது யார், அடுப்பு மூட்டுவது யார்? குதிரில் தானியத்தை வைத்துக்கொண்டே ஒரு வீடு பட்டினி கிடக்க முடியும். எழுந்து நடக்க முடிந்த அண்டை வீட்டாரும் பயந்து விலகிவிட்டால் அந்த வீட்டின் கதை முடிந்தது.

அந்தக் காய்ச்சலுக்கு ஜெஸ்ஸியிடம் மருந்தில்லை. உலகில் யாரிடமும் இல்லை. அவரிடம் இருந்தது பெரிய பாத்திரங்களும் அரிசியும். கஞ்சி காய்ச்சினார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு குடிசையாகக் குனிந்து நுழைந்து, படுத்திருந்தவர் வாயில் ஊற்றினார்கள். வீட்டில் நாலு வயதில் பால், இரண்டு வயதில் கோனி என்று இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள்.

எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் அந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். சொந்தச் சனம் கிட்டே வரவில்லை. வந்தவர்கள் இந்த இரண்டு வெள்ளைக்காரர்கள்தான். சாகும்முன் அந்தப் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார் என்று பிராண்ட் குடும்பத்து நினைவுகள் சொல்கின்றன. மலையில் சபை என்று ஒன்று முளைத்தது அதற்குப் பிறகுதான்.

ஆசிரியர் யோசித்தார். "அப்ப கஞ்சியாலதான் சேர்ந்தாங்கன்னு நான் சொன்னது சரிதானுங்களே" என்றார். சரிதான். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் நாற்பதாவது வளைவைத் தாண்டும்போது வேறொன்று தோன்றியது. அந்தப் பூசாரி தன் குழந்தைக்கு மதம் தேடியிருக்க மாட்டார். வாசலைத் தாண்டி உள்ளே வரும் ஓர் ஆளைத் தேடியிருப்பார்.

செம்மேட்டில் இறங்கி, மிளகுக் கொடி சுற்றிய மரங்களையும் அன்னாசி மேடுகளையும் கடந்து வாழவந்திக்கு வந்து சேர்ந்தேன். கல்லறைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஜெஸ்ஸி 1929 ஜூனில், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். வயது 44. ஈவ்லின் அதன்பின் 45 ஆண்டுகள் வாழ்ந்தார். வயதாகிவிட்டதென்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பி, குதிரைமேலும் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியும் கல்வராயன், பச்சமலை என்று மலைமலையாக அலைந்தார். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்த அவரை இங்கே கொண்டுவந்து கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மகன் பால், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய அதே டாக்டர் பால் பிராண்ட்.

திரும்பும் வழியில் டீக்கடைக்காரரிடம் கொரோனாக் காலத்தைப் பற்றிக் கேட்டேன்.

"கீழ இருந்து யாரும் வரக் கூடாதுன்னு முள்ளு வெட்டிப் போட்டுட்டமுங்க. வேற என்ன பண்றது? பயம்."

பயம் என்ற சொல்லை அவர் கூச்சமில்லாமல் சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை. அவர் முள்ளை வெட்டி ஊருக்கே தெரியும்படி பாதையில் போட்டார். நான் போட்ட முள் வெளியே தெரியாது.

2020 மார்ச் 25. முந்தின நாள் இரவு பிரதமர் ஊரடங்கை அறிவித்திருந்தார். அன்று தமிழகத்தில் புதிதாக ஐந்து பேருக்குத் தொற்று என்று செய்தி வந்தது. நான்கு பேர் இந்தோனேசியர்கள், ஐந்தாமவர் அவர்களுக்கு வழிகாட்டியாக வந்த சென்னைக்காரர். மார்ச் 22 முதலே சேலம் பெரியாஸ்பத்திரியில் தனிமையில் இருந்தவர்கள். மதப் பணிக்காகக் கடல் கடந்து வந்து, மொழி தெரியாத ஊரில், நோயோடு வார்டுக்குள் அடைபட்டவர்கள். தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் பிரசார இயக்கத்தின் கூட்டங்களுக்கு வந்த வெளிநாட்டினர் பலர் மேல் பிறகு விசா விதிகளை மீறியதாக வழக்குப் பாய்ந்தது. அந்த ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்படிப்பட்ட 31 பேரின் வழக்குகளை முடித்துவைத்து, ஊர் திரும்ப வழி செய்தது.

ஆனால் எங்கள் தெருவில் அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எங்களுக்குப் பத்து வருடமாகப் பழம் விற்ற பாய், ஊரடங்கு தளர்ந்த காலைகளில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முஸ்லிம்கள்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்று செல்போனில் சுற்றிய செய்திகளைப் படித்திருந்த தெரு அவரிடம் வாங்கவில்லை. "சார்..." என்று எங்கள் கேட்டுக்கு வெளியே அவர் கூப்பிட்ட குரல் கேட்டது. நான் உள்ளேதான் இருந்தேன். போகவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டார், நாலாம் நாள் வரவில்லை. அவர் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை, எந்த இந்தோனேசியரையும் பார்த்ததில்லை. அது எனக்கு அன்றும் தெரியும்.

ஒவ்வொரு ரமலானுக்கும் அவர் ஒரு தூக்குப்போசி நிறைய நோன்புக் கஞ்சி கொண்டுவருவார். பூண்டும் வெந்தயமும் மணக்கும். 2020 ரமலானில் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சவில்லை. அடுத்த வருடம் காய்ச்சினார்களா என்று எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டுக்கு வரவில்லை. 2019இல் அவர் கொடுத்த போசி எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது. இப்போது அவர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டி போடுகிறார். அந்த வழியாகப் போக நேர்ந்தால் நான் எதிர்ப்புற நடைபாதையில் போகிறேன்.

பிராண்ட் தம்பதி நம்பிய சாமியை நான் நம்புகிறவன் அல்ல. அவர்கள் செய்ததையெல்லாம் சரி என்று சொல்லவும் வரவில்லை. ஆனால் ஒரு கொள்ளை நோய்க் காலத்தில் அவர்கள் எந்தப் பக்கம் நடந்தார்கள், நான் எந்தப் பக்கம் நடந்தேன் என்பதில் குழப்பமில்லை.

செம்மேட்டில் கடைசி பஸ்ஸுக்கு அரை மணி இருந்தது. சந்தில் இருந்த கடையில் இரண்டு படி சாமை வாங்கினேன், கொஞ்சம் மிளகும். "வீட்டுக்குங்களா?" என்று கேட்டார் கடைக்காரம்மா.

"இல்லீங்கம்மா. ஒருத்தருக்குப் போசி திருப்பிக் குடுக்கணும். வெறும் போசியாக் குடுக்கக் கூடாதுங்களே."

அந்தம்மா இன்னொரு கை சாமையை அள்ளிப் பையில் போட்டார்.

(பயணம் தொடரும்)