கருங்கல் புத்தரும் வெள்ளை அட்டையும்

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் வழிபடப்பட்டு வந்த சிலை புத்தருடையதே என்று, தொல்லியல் துறையின் ஆய்வறிக்கையை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. சுருள்முடி, நீண்ட காதுமடல், மடிமீது கைகளை அடுக்கிய தியான முத்திரை ஆகியவையே அம்முடிவுக்கு அடிப்படையாயின. இத்தகைய அடையாளங்களை நேரில் காண இயலாதோரிடம் அவற்றைக் கொண்டு சேர்ப்பது நிழற்படமே எனினும், அதை எடுப்போரின் தொழில் குறித்து எழுதப்பட்டது மிகக் குறைவு.

சென்னையில் இத்தொழில் பழமையானது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய அமராவதிப் பௌத்தத் தூபியின் சிற்பங்களை, மாகாண அரசின் படக்கலைஞரான லின்னேயஸ் டிரைப் 1858இல் இங்கேயே படமெடுத்தார். காஞ்சி காமாட்சியம்மன் கோயிலில் இருந்ததாகத் தொல்லியலாளர் கோபிநாத ராவ் 1915இல் எழுதிய, ஏறத்தாழ 8 அடி உயரமுள்ள நின்றகோலப் புத்தர் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இத்தகைய அருங்காட்சியகச் சிலையைவிட, சேலம் மாவட்டம் தியாகனூரில் உள்ளதுபோல் வழிபாட்டில் இருக்கும் பெருஞ்சிலையைப் படமெடுப்பது கடினம். கருங்கல் ஒளியை விழுங்கும். ஆண்டுக்கணக்கில் எண்ணெய்க்காப்பு ஏறிய கல்லோ நேரே அடிக்கும் ஃபிளாஷைக் கண்ணாடிபோல் திருப்பியடிப்பதால், நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைத் திட்டுகள் விழுந்து சுருள்முடி வரிசைகள் மறைந்துவிடும். தரையில் நின்று அண்ணாந்து எடுத்தால் முழங்கால் பெருத்துத் தலை சிறுத்துவிடும் என்பதாலும், குறுகிய கருவறையில் பின்வாங்க இடமில்லை என்பதாலும், காமிராவை ஸ்டாண்டில் சிலையின் மார்பளவுக்கு உயர்த்தி, பூசைகளுக்கு இடைப்பட்ட சிறு பொழுதுக்குள் வேலையை முடிக்கிறார்கள்.

பிலிம் காலத்தில் கல்யாண வீடுகளில் தொழில் பழகிப் பின்னர் சிற்பங்களுக்கு வந்த மயிலாப்பூர்ப் படக்கலைஞர் ஒருவர், விலையுயர்ந்த லென்ஸைவிடப் பெரிதாக மதிக்கும் கருவி வெள்ளைத் தெர்மாகோல் அட்டையே. ஒரு பக்கத்தில் தாழ்வாக வைத்த விளக்கின் ஒளி கல்லின்மேல் சாய்ந்து தடவிச் செல்லும்போது செதுக்கல்கள் எழும்பித் தெரிகின்றன. ஆனால் மறுபக்கக் கன்னம் இருண்டுவிடுவதால், அங்கே அட்டையைப் பிடித்துச் சிதறும் ஒளியைத் திருப்பிவிட வேண்டும். உதவியாளர் அட்டையை ஒரு சாண் முன்னே நகர்த்தியதும், இருட்டிலிருந்து பாதி மூடிய இமையின் விளிம்பும் உதட்டோரத்தின் மெல்லிய வளைவும் வெளிப்படுகின்றன. மேலும் ஒரு சாண் நகர்ந்தால் நிழல் முற்றிலும் கரைந்து முகம் தட்டையாகிவிடுகிறது. கணினியில் நடைபெறும் நிறத்திருத்தம் இதற்கு ஈடாகாது. கல்லில் விழாத ஒளியை அதனால் படைக்க இயலாது.

இத்துணை நுட்பத்துக்குக் கிடைக்கும் ஊதியம் பெரும்பாலும் ஒருமுறைக் கூலியோடு முடிகிறது. படத்தை வாங்கியவர் அதையே நூல் அட்டைக்கும் காலண்டருக்கும் வாழ்த்து அட்டைக்கும் திரும்பத் திரும்ப விற்கிறார். எடுத்தவருக்கு அதில் ஒரு காசும் வருவதில்லை, அட்டை பிடித்தவரைக் கேட்கவே வேண்டாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர் ஆவதால், எழுத்தில் எதுவும் கேட்டு வாங்காத தொழிலாளி ஏமாறுகிறார். ஆயினும், உரிமை கைமாறிய பின்னும் படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமையை அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு படைத்தவரிடமே விட்டுவைத்திருக்கிறது. சிற்பியின் பெயர் காலத்தில் அழிந்ததற்கு எவரையும் குறைசொல்ல முடியாது. உயிரோடிருக்கும் படக்கலைஞரின் பெயரை அச்சிடாமல் விடுவதற்குப் பதிப்பாளரே பொறுப்பு. மறுபதிப்புக்கு ஒரு தொகையும் படத்தின் அடியில் அவர் பெயரும் தருவதைப் பதிப்பகங்கள் வழக்கமாக்க வேண்டும். படக்கலைஞர்களும் எழுத்து ஒப்பந்தமின்றிக் காமிராவைத் தோளில் மாட்டக் கூடாது.