எழும்பூரில் எழுந்தருளியுள்ள திருமேனிகள்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு முதன்முறை சென்றபோது, என் தாயார் வாயிலிலேயே காலணிகளைக் கழற்றிவிட்டார். உள்ளே நடராசப் பெருமானைக் கண்டு கைகூப்பியவர், "அபிஷேகமும் இல்லை, நைவேத்தியமும் இல்லை, சுவாமி இப்படி நிற்கலாமா?" என்று கண்கலங்கினார். அன்று எனக்கு விடை தெரியவில்லை.

இந்த அருங்காட்சியகம் 1851-ஆம் ஆண்டு, மருத்துவர் எட்வர்டு பால்ஃபரின் பொறுப்பில் தொடங்கப்பெற்றது. முதலில் இங்கு இருந்தவை சென்னை இலக்கியச் சங்கம் அளித்த கற்களும் கனிமங்களுமே. 1854-இல் இப்போதுள்ள பாந்தியன் சாலை வளாகத்துக்கு இடம் மாறியது. அமராவதிச் சிற்பங்கள் முதலிய பல செல்வங்கள் இங்கு உண்டு. எனினும் ஆலய வழிபாட்டில் ஊறிய நம் நெஞ்சம் நாடுவது செப்புத் திருமேனிகளையே.

இவற்றுட் பல, மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டவை. படையெடுப்புக் காலங்களில் உற்சவ மூர்த்திகளைப் பூமியில் புதைத்துக் காத்தனர் நம் முன்னோர். இடம் அறிந்தவர்கள் மறைந்தபின், பெருமான் மண்ணிலேயே தங்கினார். பல நூற்றாண்டுகள் கழித்து, உழும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ திருமேனி வெளிப்படும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவாயினும் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வழியே அருங்காட்சியகம் சேர்ந்த திருமேனிகள் பல.

ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகிய திருவாலங்காட்டிலிருந்து வந்த நடராசர் இங்கு அருள்கிறார். திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை. ஆயினும் ஆடல் குறையவில்லை. இங்குள்ள நடராசத் திருமேனிகளை நிழற்படங்களில் மட்டுமே கண்ட பிரெஞ்சுச் சிற்பி ரொதேன், அவ்வழகில் தோய்ந்து ஒரு கட்டுரையே எழுதினார். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரோ, வலப்பாகத்தில் இரு கரங்களும் இடப்பாகத்தில் ஒரு கரமுமாய், அம்மையும் அப்பனும் ஒன்றெனக் காட்டி நிற்கிறார்.

பல ஆண்டுகளுக்குப் பின்னரே தாயாரின் கேள்விக்கு ஒருவாறு விடை கிடைத்தது. மண்ணின் உப்பு ஊறிய செம்பில் ஈரம் பட்டால் பச்சை நிறப் பொடி பூத்து, உலோகத்தை அரிக்கும். அதைத் தடுத்துச் சீர்செய்யவே 1930-இல் இங்கு ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. ஆலயத்தில் திருமேனியை நீராட்டுவது கைங்கரியம். இங்கோ ஈரம் அணுகாமல் காப்பதே கைங்கரியம்.

இதைச் சொன்னபோது தாயார் சற்று ஆறுதல் அடைந்தார். ஆனாலும், "ஊருக்குத் திரும்பும் நாள் வரட்டும்" என்றே வேண்டிக்கொண்டார். அவ்வேண்டுதலில் தவறேதும் இல்லை.

செல்ல விரும்பும் அன்பர்கள் கவனிக்க: வெள்ளிக்கிழமை இங்கு விடுமுறை. வேறு நாளில் சென்று, ஒவ்வொரு மூர்த்தியின் அருகிலும் எழுதியுள்ள ஊர்ப் பெயரைப் படியுங்கள். இயன்றால் ஒருமுறை அவ்வூர்க் கோயிலுக்கும் சென்று, ஒரு விளக்கேற்றி வாருங்கள்.