தொட்டிக்கு வந்த விருந்தாளிகள்

புதிதாக வாங்கி வந்த மீன் உணவு கொள்ளாது மூலையில் ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டு கவலையுறாத மீன்வளர்ப்போர் இலர். கடையிலே துள்ளித் திரிந்த மீன், நம் வீட்டுத் தொட்டியில் இறங்கியதும் எங்கேயோ மறைந்துவிடுகின்றது. பணம் கொடுத்தவருக்கு ஏமாற்றம், பிள்ளைகளுக்கு அழுகை, கடைக்காரருக்கோ வீண் பழி. ஆனால் பெரும்பாலும் அம்மீனைப் பற்றியிருப்பது நோயன்று, அச்சமே. அவ்வச்சம் எதனால் எழுகின்றது, அதனை எவ்வாறு தணிக்கலாம் என்பதைப் பற்றி நேயர்களோடு சிறிது உரையாட விரும்புகின்றோம்.

எமது இல்லத்துக்கு வந்தவை எட்டுச் செரி பார்ப் மீன்கள். இவை வேற்று நாட்டு விருந்தாளிகள் அல்ல. நம் இலங்கைத் தீவுக்கே உரியவை. தென்மேற்கு ஈரவலயத்தில், மரநிழல் படிந்து, உதிர்ந்த இலைகள் அடியிற் கிடக்கும் சிற்றோடைகளே இவற்றின் பிறப்பிடம். சிங்களத்தில் 'லே தித்தயா' என்பர். 1929ஆம் ஆண்டில் பி. ஈ. பி. தெரணியகல அவர்கள் இவ்வினத்தை விவரித்து அறிவியற் பெயர் சூட்டியபோது, அச்சிங்களப் பெயரின் பிற்பகுதியையே அதற்கு வழங்கினார். முழு வளர்ச்சியடைந்தாலும் ஐந்து சென்ரிமீற்றர் நீளமே இருக்கும். ஆண் மீன் இனப்பெருக்கக் காலத்தில் செம்பரத்தம் பூப்போற் சிவக்கும். ஆனால் எமது தொட்டியில் இறங்கிய அன்று எட்டும் ஒரே வகையாய் வெளிறி, கல்லின் பின்னே ஒட்டிக்கொண்டு நின்றன. மூன்று நாட்கள் வரை ஒரு துணுக்கு உணவையும் அவை தொடவில்லை.

மீனின் நிலையில் நம்மை வைத்துப் பார்த்தால் இதில் வியப்பொன்றும் இல்லை. ஓடையில் வாழும் சிறுமீனுக்குச் சாவு பெரும்பாலும் மேலிருந்தே வருகின்றது. மீன்கொத்தியும் கொக்கும் நிழலாகத் தோன்றி மறுகணமே கொத்திவிடும். ஆகவே தொட்டியின்மேற் குனியும் மனித முகம் அதற்குக் கொக்கின் நிழலே. அதன் கண்ணுக்கு இமை இல்லை. திடீரென மின்குமிழ் எரிந்தால் கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. உடலின் இரு மருங்கும் ஓடும் பக்கக்கோடு என்னும் புலனுறுப்பு நீரின் மெல்லிய அசைவையும் உணர்த்தும். பார்ப் மீன்களிலோ, காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிற்றெலும்புகள் இருப்பதால் கேட்கும் திறனும் கூர்மையானது. பிள்ளைகள் விளையாட்டாகக் கண்ணாடியைத் தட்டுவது அதற்கு இடிமுழக்கமாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. காயப்பட்ட மீனின் தோலிலிருந்து நீரிற் கலக்கும் ஒரு பொருள் அதன் கூட்டத்தாரை நடுங்கச் செய்கின்றது என்பதை, கார்ல் வொன் பிறிஷ் என்ற ஒஸ்திரிய அறிஞர் 1938ஆம் ஆண்டில் வெளியிட்டார். வலையினால் ஒரு மீனைத் துரத்தித் துரத்திப் பிடிக்கும்போது அதன் தோல் சிதைந்தால், துரத்தப்படாத மீன்களும் அஞ்சுவது இதனாலேதான்.

ஆதலால் வரவேற்பு வாசலிலேயே தொடங்குதல் வேண்டும். மீன் வருவதற்கு முன்னரே தொட்டி பழகியிருத்தல் நன்று; மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா என்னும் நஞ்சை மாற்றும் பற்றீரியாக்கள் பெருகுவதற்கு ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். மீன் வந்த பொலித்தீன் பையை அவிழ்க்காது பதினைந்து, இருபது நிமிடங்கள் தொட்டி நீரில் மிதக்கவிட்டால் வெப்பம் சமனாகும். பின்னர் பையைத் திறந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அரைக் குவளை தொட்டி நீரை வார்த்து, அரைமணி நேரம் கழித்து மீனை மெல்ல எடுத்து விடலாம். பையின் நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. அன்று விளக்கும் வேண்டாம், உணவும் வேண்டாம்.

அடுத்தது மறைவிடம். ஒளிய இடமிருந்தால் மீன் வெளியே வராது என்று பலர் எண்ணித் தொட்டியை வெறுமையாக வைக்கின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஓடிப் புகுவதற்கு இடம் உண்டென்று அறிந்த மீனே துணிந்து வெளியே வரும். எமது தொட்டியின் பின்புறத்துக்கும் இரு பக்கங்களுக்கும் கருங்கடதாசி ஒட்டினோம். ஓரமாக நீர்ச்செடிகளை அடர்த்தியாக நட்டு, நடுவே நீந்துவதற்கு வெளி விட்டோம். உலர்ந்த நாட்டு வாதுமை இலைகள் இரண்டை அடியில் இட்டோம். அவ்விலையின் சாயம் இறங்கி நீர் மென்தேயிலை நிறமாயிற்று. ஓடை மீனுக்கு அந்நிறம் சொந்த ஊர் நிறம். கூட்டமாக வாழும் இவ்வினத்தில் ஆறு மீன்களுக்குக் குறையாது வைத்தலும் அவசியம். தனித்த மீனுக்குத் துணிவு பிறப்பதில்லை.

இத்தனையும் செய்தபின் எஞ்சியது காத்திருத்தல் ஒன்றே. அதுவே கடினமானது. அதனை எமக்குக் கற்பித்தவர் எமது தாயார்.

வடமராட்சியில் தாம் அறுபதாண்டுகள் வாழ்ந்த வீட்டையும் முற்றத்து வேம்பையும் விட்டு, அவர் கொழும்புக்கு எம்முடன் வாழ வந்து அப்போது நான்கு மாதங்களே ஆகியிருந்தன. தந்தையார் மறைந்த பின் தனியே இருக்க விடுதல் தகாதென்று நாமே அழைத்து வந்தோம். மாடிவீட்டில் மண் இல்லை, கிணறு இல்லை, அயலவர் முகம் தெரியாது. அவர் பெரும்பாலும் தம் அறையிலேயே இருப்பார். வருவோர் யாவரும், "கொழும்பு பிடிச்சிருக்கோ அம்மா?" என்று கேட்பர், அவர் சிரித்துவிட்டு உள்ளே சென்றுவிடுவார். உணவு வேளையில் அவர் தட்டை நோக்கியே எல்லோர் கண்களும் இருக்கும்.

நான்காம் நாள் மாலை, தொட்டியைச் சூழ்ந்து நின்று, மீன் உண்ணுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் வந்து நின்ற தாயார் சொன்னார்: "இத்தனை பேர் நின்று வாயைப் பார்த்தால் ஆருக்குச் சாப்பாடு இறங்கும்? விட்டிட்டு வாருங்கோ பிள்ளையள். பசிச்சால் வருவினம்."

யாரும் மறுமொழி கூறவில்லை. அன்றிலிருந்து தொட்டிக்கு ஏற்பட்ட ஒழுங்கு உணவு மேசைக்கும் உரியதாயிற்று. யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை, யாரையும் வற்புறுத்துவதில்லை.

தாயாரே தொட்டியின் பொறுப்பை ஏற்றார். நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு, அதே நாற்காலியில், தொட்டிக்கு ஆறடி தள்ளி அமர்ந்தார். நின்ற உருவத்திலும் அமர்ந்த உருவம் சிறியது, மேலிருந்து கவியாதது. ஒரு சிட்டிகை உணவை ஒரே மூலையில் இட்டுவிட்டுத் திரும்பிவந்து இருப்பார். ஏதேனும் தைத்துக்கொண்டிருப்பாரேயன்றி மீனைப் பார்ப்பதில்லை. சில நிமிடங்களில் தின்னப்படாத உணவை அகற்றிவிடுவார். அது அழுகினால் நீர் கெடும். ஐந்தாம் நாள் ஒரு மீன் செடியிலிருந்து பாய்ந்து ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு ஓடியது. ஒரு வாரத்தில் எட்டும் உண்டன. அதன்பின் நாற்காலி நாளுக்குச் சிறிது சிறிதாகத் தொட்டியை நெருங்கியது. ஒரு மாதம் கழிய, அவருடைய வெள்ளைச் சேலை வாசலில் தெரிந்தாலே எட்டும் அந்த மூலையில் வந்து கூடின. ஆண் மீன்களின் மேனியிற் செம்மையும் ஏறிற்று.

இதனைக் கட்டுக்கதை என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. மேலே கூறிய வொன் பிறிஷ், பார்வையற்ற ஒரு சிறு கெளுத்தி மீனுக்கு உணவளிக்கும்போதெல்லாம் சீழ்க்கை அடித்து வந்தார். சில நாட்களில், உணவு இல்லாமலே, சீழ்க்கை கேட்டதும் அது தன் மண்குழாய் வீட்டை விட்டு வெளியே வந்தது. மீனுக்குச் செவிப்புலன் உண்டென்பதை நிறுவிய அவ்வாய்வு 1923ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2016ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, வாயால் நீரைப் பீச்சிப் பூச்சிகளை வீழ்த்தும் வில்லாளி மீன்கள், பழகிய ஒரு மனித முகத்தின் படத்தைப் பல புதிய முகங்களின் படங்களிலிருந்து பிரித்தறியக் கற்கும் என்று காட்டியது. மீன் மறக்கும் பிராணி என்பது நாம் அதன்மேற் சுமத்திய பழி.

ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று. மீன் நம்மைக் கண்டு ஓடிவருவதை உடனே அன்பென்று கொள்ளுதல் பொருந்தாது. இம்மனிதரால் தீங்கில்லை, இவர் வந்தால் உணவு வரும் என்னும் அறிவே அது. அவ்வறிவை நாம் விலைக்கு வாங்க இயலாது. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே அமைதி என்று நாள்தோறும் சேர்த்தே பெறுதல் வேண்டும். ஒருமுறை கையை விட்டுக் கலக்கினால் ஒரு மாதச் சேமிப்பும் போய்விடும்.

ஒதுங்கும் மீன் எல்லாம் அஞ்சிய மீன் என்றும் கருதற்க. நீர்மேல் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தாலோ, செட்டைகளை ஒடுக்கி வைத்திருந்தாலோ, மேனியில் உப்புத்தூள் போன்ற வெண்புள்ளிகள் தோன்றினாலோ, அங்கே பொறுமை மருந்தாகாது. நீரையும் நோயையும் உடனே கவனிக்க வேண்டும்.

சென்ற மாதம் தாயாருடன் ஊரிலிருந்து ஓர் உறவினர் தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தார். மணி ஐந்தாயிற்று. "எங்கட வீட்டு மீனுக்குச் சாப்பாடு போடவேணும், பிறகு கதைக்கிறன்" என்று அவர் சொல்லியது எம் செவியில் விழுந்தது. கொழும்பு வீட்டை 'எங்கட வீடு' என்று அவர் கூறக் கேட்டது அதுவே முதல் முறை. நாம் கேளாதவர்போல் இருந்துவிட்டோம்.

புது மீன் வாங்கும் பிள்ளைகளே, தொட்டியை நன்றாக அமையுங்கள். நீரைத் தூயதாய் வையுங்கள். பின்னர் சற்றே விலகி அமர்ந்திருங்கள். வந்தவர் தாமே வருவர்.