ஊமையான ஒலிவாங்கி

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் பெரியோர்கள். பள்ளி நாள்களில் இப்பழமொழியைக் கட்டுரையின் முடிவில் எழுதி மதிப்பெண் வாங்கியதுண்டு. ஆனால், அதன் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய மடிக்கணினி என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்! நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் கண் பார்வை இல்லை. ஆசிரியர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, இரவில் மீண்டும் கேட்டுப் படிப்பான். அச்சிட்ட பாடநூல்களுக்கு மட்டும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். பருவத் தேர்வுக்கு மூன்று வாரங்கள் இருக்கையில், தென்னிந்திய வரலாற்றுத் தாளின் நான்கு அலகுகளையும் நானே வாசித்துப் பதிவு செய்து தருவதாக அவனிடம் வாக்களித்தேன்.

எங்கள் வீட்டு மடிக்கணினி, என் அண்ணன் சென்னை ரிச்சி தெருவில் யாரிடமோ பழையதாக வாங்கி வந்தது. அதில் முன்பிருந்த இயங்குதளம் திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். எனவே அதை நீக்கிவிட்டு டெபியன் லினக்ஸை நிறுவியிருந்தேன். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், உலகெங்கும் உள்ள பல்லாயிரவர் உழைப்பால் வளர்ந்தது. அதற்கு விலை இல்லை. அதன் உள்ளே எழுதப்பட்டிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம். ஏழை மாணவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் நாள் இரவு, மடிக்கணினியிலேயே பொருத்தப்பட்டிருந்த ஒலிவாங்கி வாய் திறக்க மறுத்தது. நான் சளைக்கவில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து, பதிவுக் கருவிகளின் பட்டியலைக் கேட்டேன். ஒலிவாங்கியின் பெயர் இருந்தது. பிறகு ‘ஆல்சாமிக்சர்’ என்ற நிரலைத் திறந்தேன். எஃப்6 விசையால் ஒலி அட்டையைத் தேர்ந்துகொண்டு, எஃப்4 விசையை அழுத்தினால் பதிவுக்கான பக்கம் வரும். அங்கே ஒலிவாங்கியின் பதிவு அணைந்து கிடந்தது. இடைவெளி விசையை ஒரு தட்டுத் தட்டினேன், உயிர் வந்துவிட்டது! மூன்று இரவுகள், வீட்டார் உறங்கிய பின், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க வாசித்தேன். தலையணி ஒலிபெருக்கியில் கேட்டுப் பார்த்தேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் சற்றே வெறுமையாக இருந்தாலும், சொற்கள் தெளிவாகவே இருந்தன. பெருமிதத்தோடு பதிவுகளை அவனுக்கு அனுப்பி வைத்தேன்.

மறுநாள் வேப்பமரத்தடியில் அவன் மெல்லச் சொன்னான்: “டேய், அதுல ஒண்ணுமே இல்லடா.”

“நல்லாப் பாரு. நான் கேட்டுப் பார்த்துத்தானே அனுப்பினேன்.”

“பரவாயில்ல, விடு. உனக்கு நேரம் கிடைச்சிருக்காது.”

அந்தப் ‘பரவாயில்ல’தான் என்னைச் சுட்டது. அவன் கோபித்திருந்தால் நானும் கோபித்துத் தப்பித்திருப்பேன். வாசித்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பலர் கைவிட்ட பழக்கம் அவனுக்கு இருந்தது. அந்த வரிசையில் என்னையும் சேர்த்துவிட்டான் என்று எண்ணினேன். நானும் குற்றமற்றவன் அல்லன். ‘இவனுக்குக் கைப்பேசியைச் சரியாகக் கையாளத் தெரியவில்லை’ என்றுதான் என் உள்ளம் முதலில் முணுமுணுத்தது. வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த நாள் மடிக்கணினியையே கல்லூரிக்குச் சுமந்து சென்றேன். என் தலையணி ஒலிபெருக்கியை அவன் காதுகளில் மாட்டினேன். அவன் முகம் மலர்ந்தது. “கேக்குதே!” என்றான். அவன் கைப்பேசியை வாங்கி நான் கேட்டேன். மௌனம்! அவன் சொன்னதும் மெய். நான் சொன்னதும் மெய். அப்படியானால் பொய் எங்கே?

விடையைக் கண்டவன் அவனே. சாலையில் வண்டிகளின் ஒலியைக் கேட்டுத்தான் அவன் நடக்க வேண்டும். ஆதலால் ஒரு காதில் மட்டுமே கேட்பொறியை மாட்டுவது அவன் வழக்கம். மற்றொரு காது உலகத்துக்கு. இடப்பக்கம், வலப்பக்கம் ஆகிய இரண்டு ஒலிகளில் எதுவும் தவறிவிடக் கூடாதென்று, இரண்டையும் ஒன்றாகக் கூட்டித் தரும் ‘மோனோ’ ஏற்பாட்டைக் கைப்பேசியில் வைத்திருந்தான். சற்று யோசித்து அந்த ஏற்பாட்டை நிறுத்தினான். உடனே என் குரல் அவன் ஒற்றைக் காதில் பல்லவர் வரலாறு படிக்கத் தொடங்கியது!

இயற்பியல் பேராசிரியரிடம் ஓடினோம். அவர் ஒரு தாளில் இரண்டு அலைகளை வரைந்தார். ஒன்று மேலெழும்போது மற்றொன்று அதே அளவு கீழிறங்கியது. “இரண்டையும் கூட்டினா என்ன வரும்?” என்றார். “சுழியம் ஐயா.” “அதுதான் அழிவுக் குறுக்கீடு. பன்னிரண்டாம் வகுப்பில் படிச்சதுதானேப்பா!” என்று சிரித்தார்.

பிறகு தேடிப் படித்துத் தெளிந்தேன். சில மடிக்கணினிகளின் ஒலிவாங்கி, ஒரே குரலை ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் அனுப்புகிறது. தனித்தனியே கேட்டால் குரல் உண்டு. கூட்டினால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். லினக்ஸின் ஒலிப் பகுதியான ஆல்சாவில், இத்தகைய மடிக்கணினிகளை இனங்கண்டு சரிசெய்யும் குறிப்புகளைத் தன்னார்வலர்களும் பொறியாளர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பழைய மடிக்கணினி அக்குறிப்புகளுக்குள் அகப்படவில்லை போலும்!

மருந்து மிக எளிது. ‘பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்’ என்ற நிரலில் உள்ளீட்டுக் கருவிகளின் பக்கத்துக்குச் சென்று, இரு பக்கங்களையும் பிணைத்திருக்கும் பூட்டுப் படத்தைச் சொடுக்கி விடுவித்து, வலப்பக்க அளவை மட்டும் சுழியத்துக்கு இறக்கினேன். இனிப் பதிவு செய்வதைக் கூட்டினாலும் அழியாது. ஏற்கெனவே வாசித்தவை வீணாயினவா? இல்லை! ‘ஆடாசிட்டி’ என்னும் கட்டற்ற மென்பொருளில் அவற்றைத் திறந்து, இரு பக்கங்களையும் பிரித்து, ஒன்றை நீக்கிச் சேமித்தேன். மூன்று இரவுகளின் உழைப்பு மீண்டது. அவன் தன் வழக்கப்படியே, ஒரு காதில் மாட்டிக்கொண்டு, மோனோ ஏற்பாட்டோடு கேட்டான். நான்காம் அலகையும் அந்த வாரமே வாசித்து முடித்தேன்.

நண்பர்களே! வள்ளுவப் பெருந்தகை கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். நானோ என் இரு காதுகளால் கேட்டுப் பார்த்ததோடு என் கடமை முடிந்ததாக நினைத்தேன். கேட்கப் போகிறவன் எப்படிக் கேட்பான் என்று ஒரு வார்த்தை அவனிடம் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் முதல் நாளிலேயே பிழை அகப்பட்டிருக்கும். இரண்டு நல்ல உள்ளங்கள் ஒன்றையொன்று ஐயுற்றிருக்கவும் மாட்டா.

இப்போது எந்தப் பதிவை முடித்தாலும், ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, இரு பக்கங்களையும் கூட்டி, ஒருமுறை கேட்கிறேன். அதன் பிறகே அவனுக்கு அனுப்புகிறேன்.