தொலைவில் நின்ற காவலர்

சதுரங்கத்தில் எனக்கு மிகவும் விருப்பமான பகுதி அதன் இறுதிக்கட்டம். பெரும்பாலான காய்கள் களம் நீங்கியபின், தொடக்கத்தில் எவரும் பொருட்படுத்தாத காலாள் பெருமை பெறுகின்றான். பலகையின் கடைசிக் கட்டத்தை அடைந்தால் அவன் அரசியாக உயர்வான். தன் வரிசையிலும் இரு பக்கத்து வரிசைகளிலும் தடுக்கப் பகைக் காலாள் இல்லையெனில், அவன் தடையற்ற காலாள் ஆவான்.

அவனை மந்திரி தடுக்க இயலுமா? மந்திரி குறுக்காக மட்டுமே செல்பவர். இக்காயை இந்தி பேசும் உங்கள் நண்பர்கள் ஒட்டகம் என்னும் பொருளில் ‘ஊண்ட்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெள்ளைக் கட்டத்தில் தொடங்கிய மந்திரி இறுதிவரை வெள்ளைக் கட்டங்களிலேயே இயங்குவார். பலகையில் பாதி அவருக்கு எட்டாது. எனினும், காலாளின் வழியில் வெள்ளையும் கறுப்பும் மாறிமாறி வருவதால், ஒரு கட்டத்தைக் காத்தாலே போதும்.

பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் எங்கள் அணி கோப்பையைப் பெற அரைப்புள்ளி தேவைப்பட்டது. கடைசி ஆட்டம் என்னுடையது. என்னிடம் எஞ்சியவை அரசனும் மந்திரியுமே. எதிராளியிடம் அரசனும், ஓர வரிசையில் ஆறாம் கட்டம்வரை ஏறிவிட்ட காலாளும் இருந்தனர். என் அரசன் ஓடிவந்து தடுக்க நேரமில்லை. ஆனால், காலாள் அரசியாக வேண்டிய மூலைக்கட்டம் வெள்ளை. என் மந்திரியும் வெள்ளைக் கட்டத்தவர். அவர் எதிர்மூலையில் நின்றவாறே அக்கட்டத்தைக் காத்தார். பகையரசன் இடையில் நின்று மறைக்கவும் இயலவில்லை. மந்திரியின் கோட்டில் அவன் அடிவைக்க விதி இடந்தராது. இறுதியில் காலாள் அரசியானான்; மந்திரி அவ்வரசியை வெட்டினார்; பகையரசன் மந்திரியை வெட்டினான். அரசர் இருவர் மட்டுமே எஞ்ச, ஆட்டம் சமனில் முடிந்தது. எங்களுக்கு வேண்டிய அரைப்புள்ளியும் கிடைத்தது.

மூலையில் நிற்பதில் இடரும் உண்டு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலக வாகையர் போட்டியின் 14ஆம் ஆட்டத்தில் சென்னையைச் சேர்ந்த குகேஷ், சீனாவின் டிங் லிரனை எதிர்த்தாடினார். டிங்கின் மந்திரி மூலையில் நின்றார். யானைகள் வெட்டுண்டதும், குகேஷ் தம் மந்திரியை அதே கோட்டில் எதிரே நிறுத்தினார். மூலையிலிருந்து புறப்படுவதற்கு ஒரே கோடுதான் உண்டு, அதுவும் அடைபட்டது. மந்திரிகள் இருவரும் வெட்டுண்டனர். காவலர் நீங்கியபின், குகேஷிடம் கூடுதலாக இருந்த காலாளைத் தடுப்பார் இல்லை. டிங் தோல்வியை ஒப்புக்கொள்ள, 18 வயது குகேஷ் உலக வாகையரானார்.

காப்பவர் அருகில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எத்துணைத் தொலைவில் இருந்தாலும், இடையிலுள்ள வழி திறந்திருத்தல் வேண்டும். பலகையின் மூலையில் ஒரு மந்திரியை நிறுத்திப் பாருங்கள். அவர் பார்வை எதுவரை செல்கிறது, எங்கே தடைபடுகிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.